பத்துப் புலங்களில் ஏழு

அந்திரேஸ் அண்ணரின் கழுத்து நாடி
மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது.
நாலு மைக்ரோன் தடிப்பில் சீவுகிறேன்.
சீவல் வெந்நீரில் விழுந்து விரிகிறது
நெத்தலி வலைக் கிழிசல் போல.

யன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரம்
இரண்டு மான்கள் லஞ்ச் சீட் தின்கின்றன.
திருகோணமலை மான்களுக்குக் காடு தெரியாது,
பஸ் ஸ்டாண்ட் தெரியும்.

கையொப்பம் போட்டது அவருடைய மனுசி.
"படிப்புக்கெண்டால் எடுங்கோ,
அவருக்கு இனி என்னத்துக்கு" என்றா.
முப்பது வருசம் மீன் ஏலம் கூறிய தொண்டை அது.
பாரையும் அறக்குளாவும்
அந்த வாயால்தான் விலையாகின.
தொண்டைக்குப் பக்கத்தால் ஓடிய குழாயில்
கொழுப்பு, சுண்ணாம்பு, செத்த கலங்களின் கஞ்சல்.

நுணுக்குக்காட்டியில் குனிகிறேன்.
சுவருக்குள் கலவரம்.
பெருவிழுங்கிகள் கொழுப்பை விழுங்கி விழுங்கி
நுரைக்கலங்களாய் ஊதிக் கிடக்கின்றன.
துப்புரவாக்க வந்தவைதான் எல்லாம்.
வந்து, தின்று, அங்கேயே செத்து,
தாங்களே குப்பையாகி.

நான் தேடுவது இவற்றையல்ல.
கருவில் மட்டும் பழுப்பு ஏறிய
சின்ன உருண்டைகளை.
ஒழுங்காக்கும் கலங்கள் என்கிறது புத்தகம்.
நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசுச் சுரப்பியில்
அவை படித்து வந்த பாடம் ஒன்றே ஒன்று:
உன் ஆளை அடிக்க விடாதே.
எரியும் இடத்துக்கு வந்து
"காணும், காணும்" என்பதுபோல்
ஒரு புரதத்தைக் கசியவிட்டுப் பக்கத்தில் நிற்கும்.
நார்மூடி கொஞ்சம் தடிக்கும்.
வெடிக்க இருந்தது வெடிக்காமல் ஒரு நாள் போகும்.
அந்த நாளை எவரும் எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை.

நளீமின் நினைவு வருகிறது.
கிண்ணியாவிலிருந்து விடியப்புறம்
தராசு பிடிக்க வருவான்.
சுருக்குவலைக்காரருக்கும் கரைவலைக்காரருக்கும்
வாய் முற்றி, கை முற்றி,
ஆளாளுக்குத் துடுப்பைத் தேடும் நேரம்
நடுவில் போய் நின்று
"மீன் பழுதாகுது காக்கா" என்பான்.
அவ்வளவுதான்.
கூடையோடு நின்று நான் பார்த்திருக்கிறேன்.
அப்பா கையிலிருந்த துடுப்பு
தானாகவே இறங்கும்.

இதோடு நிறுத்தினால் வடிவான கவிதை.
ஆனால் எரிவுக்குள் நெடுநாள் நின்றால்
ஒழுங்காக்கும் கலங்களும்
தாம் ஆரென்று மறக்குமாம்.
கருவின் பழுப்பு வெளுக்குமாம்.
தடுத்தவையே தூண்டத் தொடங்குமாம்.
சுண்டெலிகளில் கண்டிருக்கிறார்கள்.
மனிதரில் இன்னும் தேடுகிறார்கள்.

ஒரு ஆவணி விடியலில்
இரண்டு கிலோப் படிக்கல்லை எடுத்து
நளீம் எறிந்தான்.
ஆருக்குப் பட்டது என்பது இங்கே முக்கியமில்லை.
என் அண்ணனுக்கு.
தழும்பு இன்னும் புருவத்தில் இருக்கிறது.
ஏன் எறிந்தான் என்று ஊரே கேட்டது.
அவ்வளவு காலமும் ஏன் எறியாமல் நின்றான் என்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.
பிறகு அவன் கட்டாருக்குப் போய்விட்டதாகக் கதை.
தராசுக்கு வேறு ஆள்.

கரண்ட் போகிறது.
ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமி
மூன்றாம் தரம் பிடிக்கிறது.
எண்ணியது எல்லாம் மறந்து போச்சு.
முதலாம் புலத்திலிருந்து திரும்பவும்:
ஒன்று.
வெறும் புலம்.
வெறும் புலம்.
இரண்டு, ஒட்டினாற்போல்.
ஒன்றைச் சந்தேகத்தில் விடுகிறேன்,
பிறகு மனம் கேளாமல் சேர்க்கிறேன்.

பத்துப் புலங்களில் ஏழு.
கட்டத்துக்குள் எழுதுகிறேன்.
ஏழு காணுமா என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.

நாளைக்கு அந்திரேஸ் அண்ணரின் மனுசி
மரணச் சான்றிதழ்ப் பிரதிக்கு வருவா.
லாப் வாசலில் செருப்பைக் கழற்றாமல் தயங்கி நின்று
"உள்ளுக்க என்ன பிள்ளை இருந்தது" என்று கேட்பா.
கொழுப்பு என்று சொல்லலாம்.
அது அவவுக்குத் தெரியும்.
ஏழு பேர் கடைசி மட்டும் நிண்டவை என்று
சொல்லலாமோ,
தெரியவில்லை.